வருகிற குழாய்

முந்தின நாள் சாயங்காலம் அடுக்கிய ஆறு விறகுக்கட்டைகளும் விடிந்த பிறகும் அடுக்கிய மேனிக்கே கிடந்தன. ஒன்றில்கூடப் பட்டை கருகவில்லை. மேலே இருந்த கட்டைக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவில் ஒரு சிலந்தி நூல் இழுத்திருந்தது. அப்படியிருந்தும் பாய்லரின் நெற்றியில் இருந்த மீட்டரில் முள் எண்பது டிகிரியில் நின்றது. வீட்டுக்குள் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் கை வைக்க முடியவில்லை.

வாத்தியார் பயந்துவிடவில்லை. பயப்படுவதெல்லாம் படிப்பு ஏறாதவர்களின் வேலை என்பது அவர் கட்சி. பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிறவர், வெப்பத்தைப் பற்றி ஓர் இரும்புப் பெட்டியிடம் பாடம் கேட்கும் நிலைமையில் இல்லை. அடியில் பழைய தணல் இருந்திருக்கும், அதுவே தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினார். தணல் இருக்கிறதா என்று கம்பியால் கிளறிப் பார்க்கவில்லை.

அந்தப் பாய்லர் அவருடைய மாமனார் கைவேலை. மாமனார் வெல்டர். வீட்டுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி, ஆள் உயரத்துக்குத் தகடுகளை ஒட்டி, உள்ளே விறகு எரிய ஓர் அறை, அதைச் சுற்றித் தண்ணீர் நிற்க இரட்டைச் சுவர், மேலே புகைபோக்கி என்று ஒரே ஆளாகக் கட்டி நிறுத்தியிருந்தார். சூடான தண்ணீரை ஒரு பம்ப் தள்ளிவிட, அது மண்ணுக்கடியில் சிவப்புக் குழாய் வழியாக வீட்டுக்குப் போகும். அறை அறையாக ரேடியேட்டர்களைச் சுற்றிச் சூட்டை விட்டுவிட்டு, நீலக் குழாய் வழியாக ஆறித் திரும்பி வரும். வருஷத்தில் ஆறு மாதம் தரை உறைந்து கிடக்கும் அந்த ஊரில் வீட்டுக்காரர்கள் பிழைத்துக் கிடந்ததே இதனால்தான்.

அதற்காக அந்த மனிதர் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. பாய்லர் கதவில் வெள்ளைப் பெயின்டால் சட்டதிட்டமே எழுதிவைத்திருந்தார். ஒரு வருஷம் காய்ந்த விறகைத் தவிர வேறு எதையும் எரிக்கக் கூடாது. பெயின்ட் அடித்த மரம், துணி, குப்பை என்று எதுவும் கிட்டே வரக் கூடாது. கதவை முதலில் ஒரு விரற்கடை மட்டும் திறந்து, உள்ளே அடைந்திருக்கும் புகை போகும்வரை பொறுத்து, முகத்தை ஒதுக்கிக்கொண்டுதான் முழுசாகத் திறக்க வேண்டும். சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் போதும், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, வாத்தியாரே" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து வாய் தவறிக்கூட அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. மருமகனும் சளைத்தவரில்லை, 'பாய்லர் பூசாரி' என்று மாமனார் காதுபடவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பூசாரி போன மாதம் போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரமே அவர் மகளுக்கு, வாத்தியாரின் மனைவிக்கு, நுரையீரலில் சளி கட்டி, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டு, வீடு ஒரு மணி நேரம்கூடக் குளிரக் கூடாது, இன்னொரு தடவை நெஞ்சில் குளிர் இறங்கினால் இங்கே தூக்கிக்கொண்டு வந்தும் பிரயோஜனமில்லை என்று சொன்னார். பிள்ளை குட்டி இல்லாத வாத்தியாருக்கு உலகத்தில் அவள் ஒருத்திதான். ஊரையெல்லாம் மட்டம் தட்டுகிற வாய், அவளிடம் மட்டும் அடங்கிக் கிடக்கும்.

லாரி ஓட்டும் மச்சினன் பத்து நாள் வந்து தங்கி, பாய்லரைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். கதவைத் திறந்து கட்டை போடுவதற்கு ஒரு நிபுணர் குழுவா என்று வாத்தியார் சிரித்து அனுப்பிவிட்டார். அவனை வர விடாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மனைவி வீடு திரும்புவதற்கு முதல் நாள், அந்தக் குளிர்காலத்தின் முதல் நெருப்பை அவர் மாமனாரின் சாமான்களைக் கொண்டுதான் மூட்டியிருந்தார். பச்சைப் பெயின்ட் அடித்த கட்டிலைக் கோடாலியால் பிளந்தார். மெத்தை, எண்ணெய்ப் பிசுக்கேறிய சட்டைகள், பூட்ஸ், பல்செட் கிடந்த டப்பா எல்லாம் உள்ளே போயின. நான் வரும்வரை அப்பா சாமான்களைத் தொடாதீர்கள் என்று மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். புகைபோக்கியிலிருந்து தார் மாதிரி கறுப்புப் புகை சுருண்டு எழுந்தபோது, கதவைத் தட்டி, "சுரைக்காய் எப்படி எரியுது, பார்த்தீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு மனசு அவருக்கு நிறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்த மனைவி கட்டில் எங்கே என்று கேட்டபோது, யாரோ இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

இரண்டாம் நாள் காலையிலும் அதே ஆறு கட்டைகள். மீட்டரில் எண்பத்தைந்து. வாத்தியாருக்கு உள்ளூர என்னவோ செய்தது; ஆனால் வெளியே விட்டுக்கொடுக்காமல் மச்சினனுக்குப் போன் போட்டு, உங்கள் அப்பா வருஷத்துக்குப் பத்து லோடு விறகை வெட்டியாகக் கொளுத்தியிருக்கிறார், எனக்கு ஆறே கட்டையில் வீடு கொதிக்கிறது என்று பீற்றிக்கொண்டார். மறுமுனையில் லாரி எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் மச்சினன் கேட்டான்.

"அத்தான், உள்ள என்ன போட்டீங்க?"

"விறகு."

"வேற?"

"விறகுன்னா விறகுதான்."

"எரியாம சூடு வராது, அத்தான். நாளைக்கு லோடு இறக்கிட்டு நேரா அங்கதான் வரேன். அதுக்குள்ள அந்த நீலக் குழாயை ஒரு தடவை தொட்டுப் பாருங்க. அப்பா தினம் தொட்டுப் பார்ப்பாரு."

குழாயைத் தொட்டுப் பார்த்துக் கும்பிடு போடுகிற குடும்பம் என்று முனகிக்கொண்டே போனை வைத்தார்.

வீட்டுக்குள் அவள் தேறிக்கொண்டு வந்தாள். அதில் சந்தேகமே இல்லை. இருமல் நின்றுவிட்டது. வெளுத்துப் போயிருந்த கன்னத்தில் நிறம் ஏறியது. அன்று மத்தியானம் அவள் ஒரு தடவைகூட இருமாமல் மூன்று மணி நேரம் தூங்கியதைப் பார்த்து வாத்தியார் சமையலறைக்குப் போய்த் தனியாக அழுதார். அவ்வளவு நிம்மதி. தட்டில் வைத்ததை அவள் தொடாததும், வயிறு நிறைந்திருக்கிறது என்று சொன்னதும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. நாள் முழுக்க உள்ளறை ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சூடு தாங்குகிறதா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்பா வாசனை வருதுங்க" என்றாள் ஒரு தடவை.

வாத்தியாருக்கும் வந்தது. வெல்டிங் புகை, சவரச் சோப்பு, இரண்டுக்கும் அடியில் கருகிய ரோமத்தின் நெடி. குழாயில் வருவது தண்ணீர், அதில் வாசனை ஏறி வர வழியே கிடையாது என்று அவளுக்குப் பாடமாகவே நடத்தினார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "போதும், வாத்தியாரே" என்றாள். பதினாறு வருஷத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. சொல்லும்போது உதட்டின் ஒரு ஓரம் மட்டும் இழுத்துக்கொண்டது. அந்த இளக்காரம் அவளுடையதில்லை.

சாயங்காலம் காய்ச்சல் பார்க்கலாம் என்று தெர்மாமீட்டரை அவள் நாக்குக்கடியில் வைத்தார். பாதரசம் ஒரே மூச்சில் உச்சிக்குப் போய் முட்டி நின்றது. மலிவுச் சரக்கு என்று திட்டிக் குப்பையில் போட்டார். படுக்கையை உதறும்போது அவள் படுத்த இடத்தில் விரிப்பு பழுப்பேறியிருந்தது, இஸ்திரிப்பெட்டியை மறந்து வைத்துவிட்ட மாதிரி, தோளும் முதுகும் இடுப்புமாக. ரேடியேட்டர் பக்கத்தில் விரிப்பு கிடந்திருக்கும் என்று அதற்கும் ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார். அவரிடம் விளக்கத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அன்றைக்கு விளக்கைச் சீக்கிரம் அணைத்துப் படுத்தவருக்குச் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் ஓயாமல் கேட்டது; கொஞ்சம் இரைந்து, கொஞ்சம் அடங்கி, மறுபடி இரைந்து. வெளியே இருக்கிற பம்ப் ஒரே சீராகத்தான் ஓடும், அதற்கு ஏற்ற இறக்கம் கிடையாது. கூர்ந்து கேட்டபோது அந்த ஏற்ற இறக்கம் பக்கத்தில் படுத்திருப்பவளின் மூச்சோடு ஒத்துப்போனது. அவர் அதற்கு மேல் கேட்காமல் காதில் துணியைச் சுற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் அவர் பாடம் ஒழுங்காக நடத்தவில்லை. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும் என்று பலகையில் எழுதிவிட்டு, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகாமல் நேராகப் பின்பக்கம் போனார். வெளிச்சம் இன்னும் இருந்தது; மச்சினன் லாரி இன்னும் வரவில்லை. புல்லெல்லாம் வெள்ளையாக விறைத்து, செருப்புக்கடியில் நொறுங்கியது. புகைபோக்கியில் புகை இல்லை. புகை கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்தார். கட்டில் எரிந்த நாளுக்குப் பிறகு அவர் பார்த்த ஞாபகமே இல்லை.

மீட்டரில் தொண்ணூற்றிரண்டு.

கதவைத் திறந்தார். கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். கட்டைகள் ஈரமாக, சில்லென்று இருந்தன. கம்பியை எடுத்துச் சாம்பலைக் கிளறினார். தணல் இல்லை. இன்னும் ஆழமாகக் கிளறினார். ஒரு பொறிகூட இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரல்களைச் சாம்பலுக்குள் விட்டார். குளிர்ந்து இறுகி, ஈரமண் மாதிரி விரலில் ஒட்டியது. வெளியே முள் தொண்ணூற்றிரண்டைக் காட்டியும், இரும்புச் சுவரின் உள்பக்கத்தில் பனி பூத்திருந்தது.

நெருப்பு அணைந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

வாத்தியார் பாய்லரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். இரண்டு குழாய்களும் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் மண்டிபோட்டார். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சிவப்புக் குழாயைத் தொட்டார். வீட்டுக்குப் போகிற குழாய், கொதிக்க வேண்டிய குழாய். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து ஆறி வர வேண்டிய நீலத்தைத் தொட்டார்.

தோல் வெந்து குழாயோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வலி ஏறுவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததை நிறுத்த அவருக்கு வழி தெரியவில்லை. சூடு இங்கிருந்து அங்கே போகவில்லை. அங்கிருந்து இங்கே வருகிறது.

நெருப்பு வீட்டுக்குள் இருக்கிறது.

வீட்டுக்குள் அவள் மட்டும்தான் இருக்கிறாள்.

ஓடினார். பின்கதவின் கைப்பிடி சுட்டது. சமையலறையில் ஜன்னல் கண்ணாடிகள் வியர்த்து வழிந்தன. சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நடையில் விளக்கு போடவில்லை. தேவைப்படவும் இல்லை. உள்ளறைக் கதவிடுக்கில் சிவப்பு வெளிச்சம். ஏறி இறங்கும் வெளிச்சம். மூச்சு மாதிரி.

அவளைக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

"உள்ள வாங்க" என்றாள் அவள். அவளுடைய குரல்தான். நோயாளிக்கு வரும் அந்தக் கெஞ்சலான குரல். அதைக் கேட்டதும் பயத்தையும் மீறி அவருக்கு நெஞ்சு இளகியது.

கதவைத் தள்ளினார்.

ரேடியேட்டரைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கம்பளி தோளிலிருந்து நழுவி, விளிம்பில் புகைந்துகொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே தோல் மெல்லிசாகி, அதற்குள் சிவப்பு நகர்ந்தது. முகம் மட்டும் பழைய முகம். அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"குளிருதுங்க."

அவர் அசையவில்லை.

"மூணு நாளா ஒண்ணும் போடல நீங்க. இருந்ததெல்லாம் தீர்ந்துபோச்சு. என்னால முடியல."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு ஒரு படி மங்கியது. கன்னத்தில் ஏறிய நிறம் இறங்கியது. உதடு சாம்பல் பூத்தது. நெஞ்சுக்குள்ளிருந்து அந்த இருமல், மூன்று நாளாகக் கேட்காத இருமல், மெல்ல ஒரு தடவை எழுந்து வந்தது. அப்போதுதான் வாத்தியார் கவனித்தார்: ஓடிவரும் அவசரத்தில் ஒரு விறகுக்கட்டையைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

அவள் அதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். தாடை இறங்கியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் இறங்கி, நெஞ்சில் போய்ப் படிந்தது. பற்களுக்குப் பின்னால் நாக்கில்லை, தொண்டையில்லை. நீண்டு உள்ளே போகும் ஓர் அறை, அதன் தரை முழுக்க அணைந்துகொண்டிருக்கும் தணல்.

அவர் ஒரு அடி எடுத்து வைத்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஊட்டிவிடுவதற்காகக் காத்திருக்கும் குழந்தை மாதிரி, முகத்தை நிமிர்த்தி, வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள்.