வளைவில் அணையும் விளக்கு

காரின் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று சொல்லிக்கொண்டு கம்போங் ராஜாவில் இருக்கும் திருமாறனின் டயர் கடைக்கு வருகிறவர்கள் நிறைய உண்டு. விளக்கு அணைந்துபோகிறது என்று குறை சொன்னவள் அவன் மனைவி சசிரேகா மட்டும்தான்.

"நாள் பூரா அந்த டயர் லைட்டு எரியுதுங்க. நாலு டயருக்கும் காத்து நம்பர் வராம வெறும் கோடுதான் நிக்கிது" என்றாள், சாப்பாட்டு டப்பாவைக் கழுவியபடி. "ஆனா எஸ்டேட் ரோட்டுல, மண்ணு சரிஞ்ச வளைவுல மட்டும் லைட்டு அணைஞ்சிருது லா. நாலு நம்பரும் அழகா வருது. வளைவு தாண்டுனா மறுபடியும் கோடு."

அவள் தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளி ஆசிரியை. தினமும் போய்வருவதற்காகப் போன மாதம்தான் அந்தப் பழைய சாம்பல்நிறக் காரை, ஊர்ப்பேச்சில் காடியை, வாங்கியிருந்தார்கள். விற்றவர் முகம்மது கனி, தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்.

மறுநாள் காலை அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, திருமாறன் காடியைக் கடைக்குள் ஏற்றினான். கைக்கு அடக்கமான சோதனைக் கருவியை ஒவ்வொரு டயரின் காற்று வாய்க்கும் அருகில் பிடித்தான். டயருக்குள் காற்றழுத்தம் அளக்கும் நான்கு சென்சாரும் உடனே பதில் சொல்லின. காற்று சரி. பேட்டரி சரி. பிறகு காடியின் கணினியில் பதிந்திருந்த சென்சார் எண்களைப் படித்தான். நான்கில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. யாரோ சக்கரங்களை மாற்றியிருக்கிறார்கள், புதிய எண்களைக் காடிக்குச் சொல்லித்தரவில்லை. காடி இன்னமும் தன் பழைய சக்கரங்களையே தேடிக்கொண்டிருந்தது.

சின்ன வேலை. புதிய எண்களை எழுதிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அவன் விரல் பொத்தான்மேல் போய் நின்றுவிட்டது. பழைய சக்கரங்களைத் தேடுகிற காடி, அந்த வளைவில் மட்டும் அவற்றைக் கண்டுபிடிக்கிறது என்றுதானே அர்த்தம்? சென்சாரின் குரல் ஒரு லோரி நீளத்துக்கு மேல் எட்டாது. சக்கரம் நின்றால் அதுவும் உறங்கிவிடும். உருளும்போதுதான் பேசும்.

கனிக்குப் போன் செய்தான்.

"ரிம் மாத்துனது நான்தான் தம்பி" என்றார் கனி. "எனக்கும் எம் மருமவன் அஸ்ருலுக்கும் ஒரே மாதிரி காடி, ஒரே கலரு. என் ரிம் நல்லாருக்குன்னு ஆசப்பட்டான். எடுத்துக்கடான்னு அவன் காடியில மாட்டிவிட்டேன். அது ரெண்டு வருசத்துக்கு முன்ன. அந்த வாரமே அவன் போறப்ப எஸ்டேட் ரோட்டுல மல சரிஞ்சிருச்சி." மறுமுனையில் பாத்திரங்கள் மோதும் ஓசை. "தோண்டித் தோண்டிப் பாத்தாங்க. காடியும் கெடைக்கல, ஆளும் கெடைக்கல."

திருமாறன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான்.

"எடத்த மட்டும் காட்டுங்க தம்பி. எம் மவ நபீலா இன்னும் அவனுக்குத் தட்டு எடுத்து வெக்கிறா. அடக்கம் பண்ண ஒரு எலும்பாச்சும் வேணும்ல?"

அதற்குப் பிறகு எண்களை மாற்ற அவனுக்கு மனம் வரவில்லை. அடிபட்டுக் கெட்டுப்போன சென்சார் உருளாமலே உளறிக்கொண்டிருக்கலாம், பேட்டரியும் பல வருடம் தாங்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். நான்கும் ஒன்றுபோலவா கெடும் என்ற கேள்வியை மட்டும் அவன் கிட்டே நெருங்கவிடவில்லை.

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, வளைவில் தனியாக நிற்க மனமில்லாமல் நேரே பள்ளிக்குப் போனான். வளைவு தனக்குத்தான் பழக்கம் என்று சசிரேகா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வாட்டிய இலையின் பச்சை வாசனை ஈரக் காற்றோடு கலந்து கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருக்க, சரிவுகளிலிருந்து இறங்கிய மூடுபனி முதலில் மேலே தெரிந்த லயத்து வீடுகளையும் பிறகு மின்கம்பங்களையும் கடைசியில் சாலையோரத்துத் தேயிலைச் செடிகளையும் ஒவ்வொன்றாக விழுங்கி, விளக்கு வெளிச்சத்தில் தெரிந்த கொஞ்சம் தார்ச்சாலையை மட்டும் அவர்களுக்கு மிச்சம் வைத்தது.

வளைவு வந்தது. ஒரு பக்கம் இன்னும் புல் முளைக்காத செம்மண் சுவர். மறுபக்கம், கம்பி வலையில் அடைத்த கற்களுக்கு அப்பால், பள்ளம்.

மஞ்சள் விளக்கு அணைந்தது. நான்கு கோடுகளும் நான்கு எண்களாயின.

"பாத்தீங்களா?" என்று கிசுகிசுத்தாள் சசிரேகா. அவன் கையசைக்க, ஓரமாக நிறுத்தினாள்.

திருமாறன் தன் கருவியைப் பார்த்தான். காலையில் காடியின் கணினியில் படித்த அதே பழைய எண்கள், நான்கும் வரிசையாக. பக்கத்தில் சென்சார் காட்டும் சூட்டின் அளவு. இரண்டு வருடம் ஈர மண்ணுக்குள் கிடக்கும் சக்கரம் கல்லைப்போல் சில்லென்றிருக்க வேண்டும். இவை சூடாக இருந்தன, அடிவாரத்திலிருந்து மலையேறி இப்போதுதான் வந்த வண்டியின் சக்கரங்களைப்போல.

"என்னாச்சி?"

"ஒண்ணுமில்ல. நீ எறங்காத. எஞ்சின் ஓடட்டும். எடத்தப் பாத்துட்டு வந்துர்றேன்."

கருவியை முன்னால் நீட்டியபடி பள்ளத்தை நோக்கி நடந்தான். கிட்டே போகப் போக சிக்னல் கூடும் என்று எதிர்பார்த்தான். குறைந்தது. இடப்பக்கம் நகர்ந்தான், மேலும் குறைந்தது. கற்கூடையில் கால் வைத்துக் கையைப் பள்ளத்துக்குள் நீட்டியபோது திரை வெறுமையாகிவிட்டது. கீழே ஒன்றுமில்லை.

திரும்பினான். காடி தெரியவில்லை, பனிதான் தெரிந்தது. சாலையை நோக்கி ஓரடி வைத்தான். ஒரு எண் வந்தது. இன்னோரடி. நான்கும் வந்தன.

பள்ளத்தில் இல்லை. சாலையில் இருக்கிறது.

அவன் அசையாமல் நின்றான். கருவியில் சிக்னல் தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. அவன் நகரவில்லை. அப்படியென்றால் நகர்வது அது. இருட்டும் நேரத்தில் இந்த மலையையே நிறைக்கும் சில்வண்டுச் சத்தம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த அமைதியில் ஒரு ஓசை. ஈரச் சரளையை டயர் மெல்ல மெல்ல அரைத்து வருகிற ஓசை. எஞ்சின் சத்தம் இல்லை. விளக்கு வெளிச்சம் இல்லை. அவனை ஒட்டினாற்போல் வந்தது. சற்றுத் தள்ளிப் போனது.

நின்றது.

ஓடினான். எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை. சறுக்கினான், முழங்கால் தாரில் உரசியது, எழுந்தான். பனிக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள். காடி. கதவைப் பிடுங்கித் திறந்து உள்ளே விழுந்து அறைந்து சாத்தினான்.

"எடு சசி! போ, போ!"

காடி நகர்ந்தது. கண்களை மூடி, நெஞ்சு அடங்கும்வரை தலையைச் சாய்த்துக்கொண்டான். உள்ளே குளிராக இருந்தது. இருக்கை நனைந்திருந்தது. தன் சட்டையின் ஈரம் என்று நினைத்தான். வாசனையும் வேறாக இருந்தது, புதிதாகத் தோண்டிய குழியின் வாசனை.

அவன் பையில் போன் அடித்தது.

கண்ணைத் திறக்காமலே எடுத்தான்.

"எங்க போய்ட்டீங்க?" சசிரேகாவின் குரல். அழுகிற குரல். "நான் அவ்ளோ நேரம் ஹார்ன் அடிச்சேன், கேக்கலியா?"

கண்ணைத் திறந்தான்.

வலப்பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஓரக்கண்ணில் கியரின்மேல் ஒரு கை தெரிந்தது. முழங்கைவரை ஈரச் செம்மண். விரல் இடுக்குகளில் வேர்கள்.

முன்கண்ணாடிக்கு வெளியே பனி விலகியது. அவர்களுடைய காடி ஓரமாக நின்றது, விளக்குகள் எரிய, கதவு திறந்தபடி. பக்கத்தில் சசிரேகா. போனைக் காதில் அழுத்திக்கொண்டு பள்ளத்தையே பார்த்து நின்றாள். முதுகுதான் தெரிந்தது.

அவளை உரசுவதுபோல இந்தக் காடி மெல்லக் கடந்தது. அவள் துப்பட்டா நுனி அவன் பக்கத்துக் கண்ணாடியில் பட்டு நழுவியது. அவள் திரும்பவில்லை.

கதவை இழுத்தான். அசையவில்லை. கண்ணாடியை அறைந்தான். சத்தமே வரவில்லை. கண்ணாடிக்கு மறுபுறம் பனி இல்லை இப்போது. செந்நிறமாக, கெட்டியாக, ஏதோ கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"சசி! இங்க பாரு! சசி!"

"என்னங்க?" போனில் அவள் குரல் தூரமாகிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமே புரியல. வாயில என்ன வெச்சிக்கிட்டுப் பேசுறீங்க?"

நாக்கை அசைத்தான். பல்லெல்லாம் நறநறத்தது.

அவள் பெயரைச் சொல்ல மறுபடி வாயைத் திறந்தான். மண் அவன் மடியில் விழுந்தது. ஈரமாக, சில்லென்று. நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது.