ஆனைக்குட்டத்துப் பால் திருட்டு

காலை ஆறு மணி. ஆனைக்குட்டத்தில் சீனிவாசகத்தின் மாட்டுக்கொட்டகை. பால் வாளி அன்றைக்கும் பாதிதான் நிறைந்தது.

"பாத்தீகளா டாக்டரம்மா? வாளி நெறயக் கறந்த மாடு. நோய் இல்லன்னு மட்டும் எழுதிக் குடுங்க. மிச்சத்தைப் போலீஸ் ஸ்டேஷன்ல பேசிக்கிடுதேன்."

கால்நடை மருத்துவர் அருணாதேவிக்கு எரிச்சலாக வந்தது. காய்ச்சல் இல்லை, மடியில் வீக்கம் இல்லை, பாலில் திரிதிரியாக எதுவும் இல்லை. நோய் இல்லை என்று எழுதினால் அது உண்மைதான். ஆனால் அந்தத் தாளை வைத்துச் சீனிவாசகம், பால் கறக்கிற ஹாமித்தைத் திருடனாக்கிவிடுவார். ஊரில் வேறு சில வீட்டு மாடுகளையும் அவன்தான் கறக்கிறான். இரண்டு வீட்டில் ஏற்கெனவே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"என் கண்ணு முன்னாலதானே கறந்தான். எங்க திருடினான்?"

"நீங்க நிக்கீகன்னுதான். பாதிய மடியிலயே நிப்பாட்டியிருப்பான். பெறகு வந்து கறந்துக்கிடுவான்."

ஹாமித் வாளியை நகர்த்திவிட்டு எழுந்தான். அருணாதேவி குனிந்து காம்புகளை ஒவ்வொன்றாகப் பிழிந்தாள். மடி துவைத்த துணிபோல் தொங்கியது. ஒரு சொட்டு வரவில்லை.

"மாடே தரல, அண்ணாச்சி. யாரும் எடுக்கல."

"நோயும் இல்லங்கீக, திருட்டும் இல்லங்கீக. அப்ப பாலு ஆவியாவா போச்சு?"

அருணாதேவி மாட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். மழைக்குப் பிறகு கண்மாய்க் கரையெல்லாம் இளம்புல். அதற்கேற்பத் தீவனத்தை அவளே வகுத்துக் கொடுத்திருந்தாள். அப்படியும் மாட்டுக்கு விலா எலும்பு துருத்தியது. சாணம் கூழாக ஒழுகிக் கிடந்தது. மூத்திர நெடி கண்ணைக் கரித்தது.

தீவனம் கலப்பது சீனிவாசகத்தின் மனைவி ஞானசுந்தரி. முற்றத்தில் பட்டாசுக்கான காகிதக் குழாய்களைச் சுருட்டிப் பசை தடவிக்கொண்டிருந்தாள். தீபாவளி ஆர்டர். காயவைத்த குழாய்களைக் கோழிகள் விடாமல் கொத்தின.

"மாட்டுக்கு என்ன வைக்கீக?"

"நீங்க சொன்னதுதான். மக்காச்சோள மாவு நெறய, புண்ணாக்கு ஒரு கை."

"மாவு தீரலையா?"

"டிரம்மு நெறஞ்சுதான இருக்கு," என்றார் சீனிவாசகம். "நான் தெனமும் பாக்கேன்."

தினமும் அள்ளுகிற டிரம் எப்படி நிறைந்தே இருக்கும்? அருணாதேவி மூடியைத் திறந்து முழங்கை வரை கையை விட்டாள். மேலே மட்டும் மஞ்சள் மாவு. அடியிலிருந்து கை வெளியே வந்தபோது விரலெல்லாம் கடலைப் புண்ணாக்குத் தூள்.

அவள் முற்றத்துக்குத் திரும்பி ஒரு குழாயை எடுத்து நகத்தால் சுரண்டினாள்.

"மைதாப் பசை வெள்ளையா இருக்கும். இதுல மஞ்சக் குருணை கெடக்கு. கோழி காகிதத்தைத் தேடி வரல, அண்ணாச்சி. சோளத்தைத் தேடி வருது. திருட்டு நடந்திருக்கு. ஆனா போனது பால் இல்ல, மாவு. எடுத்தது அக்கா."

ஞானசுந்தரியின் கை பசையிலேயே நின்றது.

"மைதா தீந்துபோச்சு. கம்பெனிக்காரன் லோடு ஏத்த வந்து நின்னான். ரெண்டு நாள்ல திருப்பிப் போட்டுருவோம்னு நெனச்சேன்," என்றாள். "சும்மாவா எடுத்தேன்? பதிலுக்குப் புண்ணாக்குப் போட்டேன். அது ஒசத்திதானே?"

"இளம்புல்லுலயே புரதம் ஏகமா இருக்கு. அதுமேல புண்ணாக்கையும் கொட்டினா, அம்புட்டையும் பாலாக்குற தெம்புக்கு மாவுச்சத்து வேணும். அது இல்லாம மிஞ்சின புரதம் மூத்திரத்துல போகுது. அந்த நெடி உங்க யாருக்குமா அடிக்கல? மாடு தன் உடம்பைத்தான் கரைச்சுக்கிட்டு நிக்கு." அருணாதேவியின் குரல் உயர்ந்தது. "நான் சொல்றதுல பாதிய மாத்திட்டு, பால் கொறஞ்சா ஆளைத் திருடன்னுங்கறது."

சீனிவாசகம் தொண்டையைச் செருமினார். "சரிலே ஹாமித், மனசுல வச்சுக்கிடாத. சாயந்தரம் வந்துரு."

"வாறேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னால நீங்க எங்கூட வாங்க. எந்தெந்த வீட்டுல என்னத் திருடன்னு சொன்னீகளோ, அங்கன எல்லாம்."

"வெயில் ஏறிரும்லே, பெறகு பாப்போம்."

"சொல்லப் போனப்பவும் வெயில்தான் அடிச்சுது."

ஞானசுந்தரி எழுந்து குழாயடியில் கை கழுவினாள்.

"அவுக இருக்கட்டும். நான் வந்து சொல்லுதேன்."

"ரெண்டு பேரும் வாங்க அக்கா," என்றான் ஹாமித். "வாயத் தெறக்காம இருந்தது நீங்க. ஊரெல்லாம் பேசுனது அவுகதானே."