இயக்குநர் உள்ளே இருக்கிறார்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனும் தங்கையும் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பழைய அலுவலகத்தில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. அண்ணன் முதல் வேலையாகத் தன் விசிட்டிங் கார்டை அவரிடம் நீட்டினான். ‘முதன்மைத் தொழில்நுட்ப அதிகாரி’ என்று அதில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. கீழே கடை முகவரி. அவன் நிறுவனத்தில் இருப்பது மொத்தம் இரண்டே பேர். அதிகாரம் செய்ய அவன், வேலை செய்ய அவன் தங்கை. டீக்கடைக்காரர் முதல் பல் பிடுங்கின டாக்டர் வரை அவனிடம் கார்டு வாங்காமல் தப்பித்தவர்கள் குறைவு.

இயக்குநர் அறை வாசலில் ஒரு எல்.இ.டி. பலகை பொருத்த வேண்டும். மூன்று எழுத்துக் கட்டங்கள். மேஜைக்கு அடியில் ஒரு சுவிட்ச். போட்டால் ‘உள்ளே’, அணைத்தால் ‘வெளியே’.

“சுவிட்ச் சும்மா ஒப்புக்குத்தான். எப்பவும் ‘உள்ளே’தான் எரியணும்” என்று இயக்குநர் சொல்லியிருந்தார். காலையில் வந்து, காபி ஆறுவதற்குள் கிளம்பிவிடுகிறவர் அவர். உழைப்பு வெளியே தெரிய வேண்டுமல்லவா?

“முன்னாடி இருந்த ஐயா இதுக்கு நேர் எதிர்” என்றார் காவலாளி, மாடிப்படி ஏறிக்கொண்டே. “அப்ப மரப் பலகை. அவர் ‘வெளியே’ன்னு தள்ளி விட்டுட்டு உள்ள உக்காந்துக்குவார். யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதாம்.”

“பண்ணலையே?”

“ஒருத்தரும் பண்ணலைம்மா. ஒரு நாள் நெஞ்சு வலி. தவழ்ந்து போய், கை கழுவற இடத்துல இருக்கிற குழாயைத் தட்டியிருக்கார். சத்தம் எல்லாருக்கும் கேட்டுது. பலகையில ‘வெளியே’ன்னு இருக்கே, எலியா இருக்கும்னு விட்டுட்டாங்க. வாடை வந்தப்புறம்தான் கதவை உடைச்சாங்க.”

“பழைய டெக்னாலஜி” என்றான் அண்ணன்.

காவலாளி அறைக் கதவைத் திறந்துவிட்டு, கேட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லி இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை கேட்டில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

அறைக்கு வெளியே இருந்த நடைபாதைக்கு ஜன்னலே கிடையாது. பட்டப்பகலிலும் இருட்டு. பழைய காகிதமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசம். அதற்கு அடியில் இன்னொன்று. பூ வைத்த தண்ணீரை மாற்றாமல் விட்டால் வருமே, அந்த இனிப்பு நாற்றம்.

தங்கை மணிக்கட்டில் பட்டையைக் கட்டினாள். பட்டையிலிருந்து ஒரு நீள வயர், வயர் முனையில் ஒரு கிளிப். உடம்பில் தானாகச் சேர்கிற மின்சாரம் அது வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். இது இல்லாமல் தொட்டால் டிஸ்ப்ளே சத்தமில்லாமல் செத்துப்போகும். மாற்று செட் ஒன்று இருந்தது. முந்தின நாள் அண்ணன் பட்டுச் சட்டையோடு அதைக் கையில் ஏந்தி மாமனார் வீட்டில் காட்டிவிட்டு வந்தான். அதோடு அதன் கதை முடிந்தது.

நடைபாதைச் சுவரில் இருந்த பிளக்கில் எர்த் இல்லை. சோதித்துப் பார்த்தாள், அறைக்குள் இருந்த தண்ணீர்க் குழாயில் இருந்தது. கிளிப்பை அதில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். கதவு தானாக மூடிக்கொண்டது. வயர் கதவுக்கு அடியிலிருந்த இடுக்கு வழியாக வந்து அவள் கையில் முடிந்தது.

“ஆட்டைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கே, பாப்பா” என்று அண்ணன் சிரித்தான். முப்பது வயதைத் தாண்டியும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

“உன்னைக் கட்டிப் போட்டிருந்தா ஒரு செட் மிச்சமாயிருக்கும்.”

ஸ்டூலில் ஏறி, டிஸ்ப்ளேக்களின் ஓரத்தைப் பிடித்து, அவற்றின் கம்பிக் கால்கள் வளையாமல் ஒவ்வொன்றாக அழுத்தி உட்கார வைத்தாள். முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை. அது இயக்குநரின் உரிமை. திறப்பு விழாவில் அவர் உரிப்பார், எல்லோரும் கை தட்டுவார்கள். கரண்ட் கொடுத்ததும் தாளுக்குப் பின்னால் சிவப்பாக எழுந்தது: ‘வெளியே’.

“நான் போய் சுவிட்சைப் போடறேன்” என்று அண்ணன் டையைச் சரி செய்துகொண்டான். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது.

“போடு அண்ணே!”

‘உள்ளே’.

“அணை!”

‘வெளியே’.

“சரியா இருக்கு. வா, போகலாம்.”

அவன் வரவில்லை.

வயர் அவள் மணிக்கட்டை லேசாக ஒரு தடவை இழுத்தது.

“விளையாடாத அண்ணே. டிஸ்ப்ளே கீழ விழுந்துச்சுன்னா உன் கார்டையெல்லாம் வித்தாலும் பத்தாது.”

மறுபடி இழுத்தது. இந்தத் தடவை பலமாக. அவள் ஸ்டூலிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. “பாப்பா... கதவைத் திற.”

“வயரை விடு முதல்ல.”

“நான் நாற்காலியில இருக்கேன். எந்திரிக்க முடியல.”

“அப்ப யாரு இழுக்கறது?”



“குழாய்கிட்ட யாரோ உக்காந்திருக்காங்க.”

அவள் கதவைத் தள்ளினாள். தோளால் மோதினாள். அசையவில்லை. காவலாளியைக் கூப்பிட்டாள். அவள் குரல் நடைபாதையின் கோடி வரை போய்த் தனியாகத் திரும்பி வந்தது.

டங்.

குழாயைத் தட்டும் சத்தம்.

டங். டங்.

அந்த இனிப்பு நாற்றம் கதவு இடுக்கு வழியாக மெல்லக் கசிந்தது.

“பாப்பா, மூச்சு வாங்குது... நெஞ்சு வலிக்குது...”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பலகை சிவப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது: ‘வெளியே’. அன்றைக்கும் இதே வார்த்தைதான். அன்றைக்கும் இதே சத்தம்தான்.

“அண்ணே! சுவிட்சைப் போடு! ‘உள்ளே’ன்னு போடு!”

“போட்டுட்டேன்... எப்பவோ போட்டுட்டேன்...”

பலகை மாறவில்லை.

சுவிட்சிலிருந்து வரும் இரண்டு வயர்களும் பலகையின் பின்பக்கம்தான் வந்து சேர்கின்றன. அங்கேயே அவற்றை ஒட்ட வைத்தால் ‘உள்ளே’ என்று வரும். ஆனால் இழுத்த இழுப்பில் அவள் முழங்காலில் இருந்தாள், மணிக்கட்டு தரையோடு. கட்டரால் வயரை அறுத்துவிடலாம். அறுத்தால் எர்த் போய்விடும். வெறும் கை பட்டு டிஸ்ப்ளே செத்தால், உள்ளே ஆள் இருப்பதைச் சொல்ல எதுவுமே மிஞ்சாது.

அவள் இடுக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

“ஐயா” என்றாள் மெதுவாக. “நீங்க உள்ள இருக்கீங்கன்னு நான் எழுதறேன். கை எட்டணும். கொஞ்சம் விடுங்க.”

தட்டல் நின்றது.

உள்ளே யாரோ யோசித்தார்கள்.

வயர் தளர்ந்தது.

அவள் ஸ்டூலில் ஏறினாள். ஒவ்வொரு அசைவுக்கும் வயர் அளந்து அளந்து கூடவே வந்தது. பின்பக்க வயர்களின் முனைகளை ஒட்டினாள்.

‘உள்ளே’.

கதவு, எண்ணெய் போட்டது போலத் திறந்தது. அண்ணன் தவழ்ந்து வந்து அவள் காலடியில் விழுந்தான். உதடு நீலம். டை முதுகுப் பக்கம் போயிருந்தது. அவனுக்குப் பின்னால், வாஷ்பேசினுக்குக் கீழே, இருட்டு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அவள் அதை உற்றுப் பார்க்கவில்லை. மணிக்கட்டுக்குப் பக்கத்திலேயே வயரை அறுத்தாள். பலகைக்குப் போன கரண்ட் வயரையும் சேர்த்து அறுத்தாள்.

பலகை அணையவில்லை.

தெரு முனை வரை அண்ணன் வாயே திறக்கவில்லை. அவன் வாழ்நாளில் அதுவே பெரிய அமைதி. பிறகு சொன்னான்:

“கை நீட்டினார், பாப்பா. என்ன பண்றதுன்னு தெரியல. கார்டு குடுத்துட்டேன்.”

திங்கட்கிழமை இயக்குநர் பிளாஸ்டிக் தாளை உரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். வயரே இல்லாமல் எரிகிற பலகையைப் பார்த்து, இதுதான் எதிர்காலம் என்று பேசிவிட்டுக் காரில் ஏறிப் போனார். ‘உள்ளே’ என்பதைப் பார்த்து ஜனங்கள் பெஞ்சில் பொறுமையாகக் காத்திருந்தார்கள். உள்ளே யாரோ இருமுகிற சத்தமும் கேட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்று சாயங்காலம் கடையில் அண்ணனும் தங்கையும் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். காவலாளி போன் செய்தார்.

“அம்மா, பலகை மாறிடுச்சு.”

“என்னன்னு?”

“‘வெளியே’ன்னு காட்டுது.” அவர் குரல் தாழ்ந்தது. “அறைக் கதவு திறந்து கிடக்கு.”

அவள் போனைக் கீழே வைத்தாள். அண்ணன் எழுந்து ஷட்டரை முழுவதும் இறக்கிப் பூட்டினான். கடைக்குள் அந்த இனிப்பு நாற்றம் எப்போது வந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடுக்கு.

அதன் வழியாக ஒரு வயர் மெல்ல நுழைந்து வந்தது. அவள் அறுத்துவிட்டு வந்த மீதி. தரையில் நெளிந்து, அவசரமே இல்லாமல், அவள் நாற்காலியை நோக்கி நீண்டது. கடைசியாக அதன் கிளிப்பும் உள்ளே வந்தது.

கிளிப்பில், கடை முகவரி போட்ட அந்த விசிட்டிங் கார்டு இருந்தது.