வெண்விழியில் ஒரு வேர்

கரையவேண்டிய சிவப்பு, காலையில் பார்த்தபோது கருவிழியை நோக்கி நகர்ந்திருந்தது.

லேசர் சிகிச்சையின்போது விழியை அசையாமல் பிடித்த வளையம் அழுத்தியதில் வெண்விழியின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் வெடித்திருக்கின்றன, இரண்டு வாரத்தில் மறைந்துவிடும், பரவினால் மட்டும் உடனே வரவேண்டும் என்று மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார். பரவிவிட்டது. ஆனால் இன்று லிட்கமிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கண்ணாடி போட்ட பெண் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட பெருமக்கள்! சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வேற்றுமை? அவர்களுக்காகத்தான், சிறுவயது முதல் தடித்த கண்ணாடி அணிந்த லக்சிகா, வெளியார் யாருக்கும் தெரியாமல் தன் விழிகளை லேசருக்குக் கொடுத்தாள்.

"அவையள் போனாப் பிறகு டொக்டரிட்டப் போகலாம்," என்றார் தாய் சத்தியபாமா. "கேட்டா, அலர்ஜி எண்டு சொல்லு. இதுவும் குழம்பினா இனி ஆர் வருவினம்?"

கிரான்பர்னின் அந்தப் புதுவீட்டில் சுவருக்கு அடித்த சாயத்தின் வாசனை இன்னும் போகவில்லை. குசினியில் வடை பொரியும் ஓசையும், வேலிக்கு அப்பால் புல்வெட்டும் இயந்திரத்தின் முனகலும் கலந்து வர, சாய்ந்த வெயில் விழுந்த வெள்ளைச் சுவரில் சிவந்த இழையொன்று வேர்போலக் கிளைத்து, அவள் நெஞ்சு துடிக்கும்போதெல்லாம் தானும் துடித்தது. கண்ணை மூடினாள். இல்லை. திறந்தாள். இருந்தது. தன் விழியின் குழாய்கள்தாம் நிழலாகத் தெரிகின்றன என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

அவர்கள் வந்தார்கள். குனிந்த தலையுடன் தேநீர் கொடுத்தாள்.

"நிமிர்ந்து பாரும், பிள்ளை," என்றார் மாப்பிள்ளையின் தாய் யோகா.

நிமிர்ந்தாள். அவர் இவளைப் பார்க்கவில்லை. இவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"புதுச் சுவரில ஆர் இப்பிடிச் சிவப்பால கீறினது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை கபிலனும் சுவரையே பார்த்தான். வேர் கூரைவரை ஏறியிருந்தது. துடித்தது. மெதுவாக. அவள் நெஞ்சோ படபடத்தது.

இது அவளுடைய துடிப்பு அல்ல.

யோகா கண்ணைக் கசக்கினார். கையை எடுத்தார். அவரது வெண்விழியின் ஓரத்தில் ஒரு சிவப்பு இழை. பிறகு கபிலனின் விழியில். பிறகு அவள் அம்மாவின் விழியில்.

மூவரும் அவளை நோக்கித் திரும்பினர். இமைக்கவில்லை. இழைகள் நகர்ந்தன. கருவிழியை நோக்கி.

கண்ணாடி இல்லாமலே, அவளுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.