வெள்ளக்குட்டையில் ஒரு புதுச் சேலை

“ஐயோ... நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!”

பகல் பதினொரு மணி. வெள்ளக்குட்டைக் குளத்தங்கரையே அதிரும்படி அலறினாள் சண்முகப்ரியா.

பொக்லைன் பக்கெட்டின் பல்லில் ஒரு செருப்பு தொங்கியது!

இடது கால் செருப்பு. அறுந்த வார் நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. தைத்தவள் அவளேதான்.

துடியலூரைத் தாண்டி இருக்கும் அந்தப் பேரூராட்சியில், மண் நிரப்பும் அனுமதிக் கோப்புகள் எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். விதி ரொம்பச் சுலபம். குளத்தின் எல்லைக் கல்லிலிருந்து பதினைந்து மீட்டருக்குள் ஒரு கூடை மண்கூடக் கொட்டக்கூடாது. கொட்டினால், கொட்டியவனே அள்ள வேண்டும்.

இங்கே கொட்டியவன் சென்னியப்பன். நாலு டிப்பர், ஒரு பொக்லைன். எல்லாவற்றுக்கும் மேல், அவளுடைய கூடப் பிறந்த அண்ணன்!

போன வாரம் புது சர்வேயர் அளந்து பார்த்து, மீறல் என்று எழுதிவிட்டார். நோட்டீசை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“அண்ணனுக்கே நோட்டீசா கண்ணு?” என்று சிரித்துக்கொண்டே வாங்கினான். இன்று காலையிலிருந்து எல்லாப் பக்கமும் அள்ளியவன், வேப்பமரத்து மூலையை மட்டும் விட்டுவைத்தான்.

“அங்க ஒரே சேறு கண்ணு. வண்டி எறங்கிப் போயிரும்.”

“ரூல்னா ரூல்தானுங்கண்ணா. அதையும் அள்ளச் சொல்லுங்க.”

அள்ளினார்கள். மண்ணோடு மண்ணாக அவள் புருஷன் வந்தான்!

தமிழ்ச்செல்வன். அவனும் சர்வேயர்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் டேப்பும் கையுமாக வீட்டை விட்டுப் போனவன் திரும்பவே இல்லை. எவளோடோ ஓடிவிட்டான் என்றது ஊர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மூன்று மாதம் எல்லோரிடமும் சண்டை போட்டாள். நாலாவது மாதம் அவளும் நம்பிவிட்டாள். கல்யாணப் போட்டோவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அந்தப் பாவத்தை இப்போது எங்கே கொண்டுபோய்க் கழுவுவாள்?

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் ரூபினா இறங்கினாள். உக்கடத்துக்காரி. குழிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“மண்டையில பின்பக்கம் அடிபட்டிருக்குதுங்க. அப்புறம்... இன்னொன்னும் இருக்குது.”

பிளாஸ்டிக் கவர். உள்ளே ஒரு சேலை... மடிப்புக் கலையாத புதுச் சேலை!

ரூபினா தயங்கினாள். “தப்பா நெனைக்காதீங்க அம்மணி. ஊர்ல சொன்னது நெசமோ என்னமோ. யாருக்கோ ஆசையா எடுத்துட்டுப் போயிருக்காரு. அந்தப் பொம்பளையோட ஆளுக அடிச்சிருக்கலாம்.”

“அப்பவே சொன்னனுங்களே மேடம்! மாப்பிள்ளை சகவாசம் சரியில்லைன்னு!” பின்னாலிருந்து தலையில் அடித்துக்கொண்டான் சென்னியப்பன்.

சண்முகப்ரியா அழவில்லை. கவரையே பார்த்தாள்.

“சேலை எங்கீங்க மேடம் இருந்துச்சு?”

“நெஞ்சு மேல. ரெண்டு கையையும் மடக்கி, அதுக்குள்ள பதனமா வச்சிருந்துச்சு.”

“அடிச்சுக் கொன்னவன் எதுக்குங்க பதனமா வைக்கறான்?”

ரூபினா கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“இது ஆசைக்கு எடுத்த சேலை இல்லீங்க. பாருங்க... கரை இல்லை, பூ இல்லை, வெறும் சாம்பக் கலரு. எங்கப்பன் செத்தன்னிக்கு எங்கம்மாளுக்கு இதே மாதிரிதான் வந்துச்சு. கோடிங்க.”

“அப்படின்னா? எங்க வழக்கத்துல இல்லீங்களே.”

“புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பொறந்த ஊட்டுல இருந்து எடுத்துட்டு வர்ற சேலைங்க.”

“பொறந்த ஊட்டுல யாரு எடுக்கோணும்?”

“கூடப் பொறந்தவன்.”

அவள் மெல்லத் திரும்பினாள்.

“எனக்கு ஒரே அண்ணன்தானுங்க, மேடம்!”

சென்னியப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

“வேணும்னு செய்யலை கண்ணு... தள்ளித்தான் உட்டேன். டிப்பர்ல மண்டை அடிச்சிருச்சு. சேத்துக்குழியில மறைச்சு வச்சுட்டு, மறுநா காரமடைக்குப் போயி எடுத்தாந்தேன். உன்ற கையில குடுக்க முடியாத கோடி... அவரு கையிலயே குடுத்துப்போட்டு மண்ணைக் கொட்டுனேன்.”

கொலையை மறைக்கத் தெரிந்தவனுக்கு முறையை மறக்கத் தெரியவில்லை!

ரூபினா அவன் தோளைப் பிடித்துத் தூக்கினாள். “எதுக்குத் தள்ளுனே? மேல ரிப்போர்ட் எழுதுவேன்னாரா?”

“எழுத மாட்டேன்னுதானுங்க சொன்னாரு!” கதறினான். “பர்மிட்டுல ப்ரியா கையெழுத்து இருக்குது, எடத்தைப் பாக்காமயே போட்டுட்டா... தாசில்தார் வர்றதுக்குள்ள மண்ணை அள்ளிருங்க மச்சான், அவ வேலை போயிரும்னு கெஞ்சுனாரு. சைட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிப்போட்டேன், முடியாதுன்னேன். சட்டையைப் புடிச்சாரு...”

சண்முகப்ரியாவுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. அடுப்பில் தோசை. வாசலில் அண்ணன். ‘எல்லாம் ரூல்படிதான் கண்ணு, ஒரு கையெழுத்து’ என்றான். ஒரு கையில் தோசைக் கரண்டியோடு, மறுகையால் போட்டாள். கூடப் பிறந்தவன் பேச்சை யாராவது அளந்து பார்ப்பார்களா?

அந்தக் கையெழுத்துக்காகக் கெஞ்சப் போன புருஷன்தான் திரும்பி வரவில்லை. அவனைத்தான் ஓடிப்போனவன் என்று திட்டினாள். நெஞ்சு வெடித்து அழுதாள். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு கைப்பையைத் திறந்து, பர்மிட் நகலை எடுத்து நீட்டினாள்.

“இதையும் கேஸ்ல சேத்துக்கங்க மேடம்.”

“வேலை போயிருமுங்க, அம்மணி.”

“தெரியுமுங்க. அதைக் காப்பாத்தறக்குத்தான் அவரு வந்தாரு. அவரே போனதுக்கப்புறம் அதை வச்சுட்டு நான் என்ன பண்றதுங்க?”

எல்லைக் கல்லிலிருந்து குழிவரைக்கும் டேப்பை இழுத்த கான்ஸ்டபிள் குரல் கொடுத்தார்.

“பன்னெண்டு மீட்டருங்க மேடம்!”

சண்முகப்ரியா கண்ணைத் துடைத்தாள். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“ஓடிப்போயிட்டாருன்னு ஊரே சொல்லுச்சுங்க மேடம்... பாவி மனுசன், பதினஞ்சு மீட்டரைக்கூடத் தாண்டலை!”