ஒளிவிழாவில் பாடாதே, கஸ்பர்!

"வீ… ஈ… ஈ… ஈஈஈ!"

அலறல்!

கனடாவின் யூனியன்வில்லில் ஒரு வீட்டின் நிலத்தடிப் பேஸ்மன்றிலிருந்து கிளம்பிய அந்த அலறலில், மேலே குசினியில் கோப்பைகள் நடுங்கின.

வீட்டுக்காரர் கஸ்பர் மும்மூன்று படியாகத் தாவி இறங்கினார். வயது அறுபத்தாறு!

"பிள்ளை! ஆர் உன்னைக் கொல்லுறது?"

"ஒருத்தரும் இல்லை அங்கிள். பில்டர் கத்துது."

பேஸ்மன்றில் வாடகைக்கு இருக்கும் ஷாமிலா, லப்டொப்பைக் காட்டினாள். மிசிசாகாவில் காது மெசின் செய்யும் ஒரு கொம்பனியின் இன்ஜினியர். வீட்டிலிருந்தே வேலை. இரைச்சலைக் கேட்டுக் கேட்டுப் பழகி, அதைக் கழித்துவிட்டுப் பேச்சை மட்டும் மிச்சம் விடுகிற பில்டரை சிமுலேஷனில் சரிப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொருக்காவும் எவ்வளவு திருந்தவேணும் எண்டு அதுக்கு ஒரு நம்பர் குடுக்கிறனான் அங்கிள். கூடினால் விசர் பிடிச்சு உப்பிடிக் கத்தும். குறைஞ்சால், படிச்சு முடிக்க ஈஸ்டர் வந்திடும்."

கஸ்பர் கதிரையில் தொப்பென்று விழுந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நானே உன்னட்டை வர இருந்தனான். என்னை… கொல்லப்போறாங்களாம்!"

"வாட்?"

போனை நீட்டினார். நேற்றுப் பின்னேரம் வந்த வொய்ஸ் மெசேஜ். நம்பர் மறைக்கப்பட்டிருந்தது.

'ம்ம்ம்ம்… டொக்… ம்ம்ம்ம்…'

பெரிய இரைச்சல். அதற்கு அடியில், துணியால் வாயைப் பொத்திய ஒரு கரகரத்த குரல்…

"கஸ்பர்… ம்ம்ம்… ஞாயிறு… டொக்… பாடினால்… உயிரோட… ம்ம்ம்ம்…"

அவ்வளவுதான்!

"உது சீமோன்ர வேலை!" கஸ்பர் பல்லைக் கடித்தார். "கோயில் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில அவனுக்கு ஒரு பாட்டு. எனக்கு நாலு! அந்தப் பொறாமை. ரண்டு மாசமா விடிய ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பயிற்சி எடுக்கிறன், உனக்குக் கேட்டிருக்குமே?"

"கேட்டது அங்கிள்."

"உந்த இரைச்சலை எடு. குரலை நான் பிடிக்கிறன். இல்லாட்டி இப்பவே பொலிஸ்!"

"பொலிஸ் வேண்டாம்!" ஷாமிலா அவசரமாகச் சொன்னாள். "நான்… பாக்கிறன்."

ஒரு நம்பரைத் தட்டினாள். ஸ்பீக்கர் வீலென்று கத்தியது.

வேறொரு நம்பர். இரைச்சலும் போனது… குரலும் போனது!

"கஷ்டம் அங்கிள். அந்த இரைச்சல் தனியா வேணும். அதைக் கேட்டுத்தான் பில்டர் படிக்கும். பேசாமல் இந்த வருசம் பாடாமல் விடுங்கோவன். உயிர் எல்லோ முக்கியம்?"

கஸ்பரின் கண்கள் கலங்கின.

"நாலு பாட்டையுமோ?"

"நாலையும்."

"நேற்றிலயிருந்து சோறு தண்ணி இறங்கேல்லை பிள்ளை. சரி… ஃபாதருக்குச் சொல்லிவிடுறன்."

அப்போது படியில் செருப்புச் சத்தம்!

கஸ்பரின் மனைவி றோஸ்மேரி. கையில் போன்.

"இஞ்சேருங்கோ, உந்த மெசேஜைத் திருப்பிப் போடுங்கோ."

போட்டார்.

'ம்ம்ம்ம்… டொக்…'

"உது எங்கட ஃபேர்னஸ் எல்லோ!"

மூவரும் பக்கத்து அறைக் கதவைப் பார்த்தார்கள். அதற்குப் பின்னால், வீட்டைச் சூடாக்கும் அந்தக் கிழட்டு மெசின் 'டொக்' என்று ஆமோதித்தது.

"ஒரு கிழமையா உப்பிடி அடிக்குது. றிப்பெயார்காரனுக்கு அனுப்ப ரெக்கோட் பண்ணி வைச்சனான். இந்தா, இரைச்சல் தனியா!"

எதிரி… வீட்டுக்குள்ளே!

கஸ்பர் மனைவியை உற்றுப் பார்த்தார். "அப்ப… நீயோ?"

"உங்களைக் கொல்லுறதெண்டால் போன் எடுத்துச் சொல்லிக்கொண்டு நிப்பனே?"

நியாயமான கேள்வி. கஸ்பர் ஷாமிலாவின் பக்கம் திரும்பினார்.

"போடு பிள்ளை!"

வெளியே மைனஸ் பதினொன்று. ஷாமிலாவின் நெற்றியிலோ வியர்வை!

வழியில்லை. றோஸ்மேரியின் ரெக்கோடிங்கை ஏற்றினாள். நம்பரைக் கவனமாகக் குறைத்தாள். தட்டினாள்.

ஒரு செக்கன்… இரைச்சல் தேய்ந்தது.

இரண்டு… 'டொக்' செத்தது.

மூன்று…

"கஸ்பர்! ஞாயிறு மேடையில பாடினால் உயிரோட வீடு போகமாட்டாய்! … ஓகே அங்கிள், டேக் கெயார், பை!"

இரண்டு தலைகள் மெதுவாக ஷாமிலாவின் பக்கம் திரும்பின.

"கடைசியில… வாயில வந்திட்டுது," என்றாள் அவள். அழுகையும் வந்துவிட்டது.

"நீயோ பிள்ளை?!"

"சொறி அங்கிள்! திங்கக்கிழமை டெமோ. பிழைச்சால் வேலை போயிடும். என்ர எல்லா ரெக்கோடிங்கிலயும் உங்கட பாட்டு! என்ர பில்டர் ஃபேன் சத்தத்தை எடுக்குது, சப்வே சத்தத்தை எடுக்குது, ஸ்னோ தள்ளுற ட்ரக்கையும் எடுக்குது. உங்கட பாட்டை மட்டும் எடுக்க ஏலாது! ஒரு வரியில ஒரு சுருதி, அடுத்த வரியில வேற. அது படிச்சு முடிக்க முன்னம் நீங்கள் மாறிடுறியள்! பயந்து நிப்பாட்டுவியள் எண்டு ஃபேர்னஸ் அறைக்குள்ள நிண்டு எடுத்தனான்…"

கஸ்பர் எழுந்தார். மூச்சு வாங்கியது. றோஸ்மேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

பொலிஸா? வீட்டைவிட்டுத் துரத்துவாரா?

"அப்ப… உந்தக் கொம்பியூட்டராலயும் என்னை அடக்க ஏலேல்லையோ?"

"ஏ… ஏலாது அங்கிள்."

"சப்வேயை அடக்கினது… என்னை அடக்கேல்லை?"

"இல்லை அங்கிள்."

கஸ்பரின் முகம் ஒளிவிழா மரம் போல மின்னியது!

"ஃபாதரிட்டை அஞ்சாவது பாட்டுக் கேக்கப்போறன்! நீ அழாதை பிள்ளை. திங்கள் வரைக்கும் நான் காருக்குள்ள இருந்து பாடுறன். நீ உன்ர டெமோவைச் செய்!"

கார்ச் சாவியோடு பறந்தார். சற்று நேரத்தில், மூடிய காரின் நாலு கண்ணாடிகளையும் தாண்டி அந்தக் குரல் வந்தது.

ஷாமிலா மூக்கைத் துடைத்துக்கொண்டு லப்டொப்பை முறைத்தாள்.

"யூஸ்லெஸ் பில்டர்!"

றோஸ்மேரி அவள் முதுகைத் தட்டினாள்.

"நாப்பத்தொரு வருசமா அந்தாளுக்குப் பக்கத்தில இருந்து பழகுறன்… எனக்கே இன்னும் பிடிபடேல்லை. நீ மெசினைக் குறை சொல்லாதை பிள்ளை!"