பெயர் கூப்பிடாமல் பூட்டிய வீடு

கமரா சாக்குப் பைக்குள் கிடந்தது. பெட்டியின் திரையிலோ "முன் அறைக் கமரா: இயங்குகிறது" என்று பச்சைப் புள்ளியோடு எழுதியிருந்தது.

வஸீர் பையைத் திறந்து பார்த்தான். வயரைச் சுற்றி, ரப்பர் பட்டி போட்டு, தன் பழைய சாரத்துக்குள் பொதிந்து வைத்தபடியே கமரா இருந்தது. திரும்பத் திரையைப் பார்த்தான். பச்சை.

"நீயும் என்னை மாதிரித்தான்," என்று பெட்டிக்குச் சொன்னான். "வீடு மாறி நாலு நாளாகியும், விடிய எழும்பி அடுப்பு மூட்டப் பழைய குசினியைத் தேடுறாய்."

பெட்டி என்பது மூடியில்லாத ஒரு பழைய கொம்பியூட்டர். மன்னார் பஸாரில் ஃபோன் திருத்தும் வஸீர், கடையில் மிஞ்சியதையெல்லாம் சேர்த்துக் கட்டியது. (தன் ஃபோனின் உடைந்த கண்ணாடியை மாற்ற அவனுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.) மகள் நிஸ்லா பிறந்த நாளிலிருந்து இந்த ஐந்து வயது வரை எடுத்த படமெல்லாம் அதற்குள் இருந்தது. தோஹாவில் ஒரு வீட்டில் வேலை செய்யும் அவன் மனைவி சரீபா, வேலை முடிந்து அறைக் கதவைச் சாத்தியதும் ஃபோனில் அதைத்தான் திறப்பாள். மகள் தவழ்வதைப் பார்ப்பாள், நடப்பதைப் பார்ப்பாள், கடைசியாகக் கமராவில் மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று பார்ப்பாள். இரண்டு வருடமாக அவள் பிள்ளை வளர்ப்பது இப்படித்தான்.

முசலியிலிருந்து மன்னாருக்கு வீடு மாறியதும் அது அறுந்துபோனது. வீடியோ கோல் எடுக்கலாமே என்றால், நிஸ்லா ஃபோனுக்கு முகம் காட்டவில்லை. ஃபோனைக் கிட்டக் கொண்டுபோனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவள் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டே எத்தினை நாள்," என்று சரீபா நேற்று அழுதாள். "இண்டைக்கு நாளைக்குள்ள பெட்டி சரிவரேல்லயெண்டா, வேலையை விட்டிட்டு வந்திடுவன் மச்சான். காசைப் பற்றி எனக்குச் சொல்லாதீங்கோ."

"புது இடம், புள்ளை பயந்திருக்கு," என்றான் வஸீர். அவனுக்கே அது நம்பும்படியாக இல்லை. மூக்குப் பகிடிக்கே அவள் சிரிக்கவில்லையே. நிஸ்லாவின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து இழுத்து, பெருவிரலை விரல்களுக்கிடையில் நீட்டி, "இந்தா, மகள்ட மூக்குக் கழண்டிட்டு" என்று காட்டுவது அவனுடைய பகிடி. உலகத்திலேயே அதற்குச் சிரிக்கும் ஒரே ஆள் அவள்தான். அவன் விரலைத் தூக்கும்போதே சிரிப்பாள். இப்போது அவன் மூக்கைப் பிடிக்க, பொருந்தாத கதவுப்பூட்டைப் பார்ப்பதுபோல் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வைத்ததைச் சாப்பிடுகிறாள். எதையும் கேட்பதில்லை.

பொழுதுபட்டு, மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. வெளியே கச்சான் காற்று கூரைத் தகரத்தின் விளிம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கடற்கரைப் பக்கம் காற்றாலைகள் யாரோ நித்திரையில் பல்லைக் கடிப்பதுபோல அரைத்துக்கொண்டிருந்தன. தெருவில் திரியும் கழுதைகள் எல்லார் வீட்டு வாசற் படலையிலும் முதுகை உரசிவிட்டு, இவன் வீட்டுக்கு வந்ததும் மற்றக் கரைக்கு மாறிப் போயின. கழுதைகூட மதிக்காத குடித்தனம் என்று முதல் நாள் சிரித்தான். இன்று சிரிக்கவில்லை. நிஸ்லா படுத்திருந்த உள் அறையிலிருந்து ஒரு மணம் வந்தது: பூட்டிக் கிடந்த வீட்டின் மணம், கரையான் மண்ணும் ஈரச் சுண்ணாம்பும் கலந்தது. பின்னேரம் நிஸ்லாவின் தலையை முகர்ந்தபோதும் அதுதான். தேங்காய் எண்ணெய் வைத்துத்தான் தலைவாரி விட்டிருந்தான்.

வேலையில் இறங்கினான். புது ரவுட்டரில் ஒரு வாசல் திறக்க வேண்டும்; வெளியிலிருந்து வருகிறவரை நேரே பெட்டியிடம் கூட்டிப்போகும் வாசல். திறந்தான். சரீபாவின் ஃபோனில் பெட்டிக்கு வைத்திருந்த இணையப் பெயர் இன்னும் முசலி வீட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதை அழித்து இந்த வீட்டைக் காட்டச் சொன்னான். ஊரில் எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்த வேலை. ஆனாலும் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம் சரிபார்த்தான்.

ஃபோன் அடித்தது.

"வருகுது மச்சான்! திறந்திட்டுது!" சரீபாவின் குரல் சின்னப்பிள்ளையின் குரலாகியிருந்தது. "எல்லாம் கிடக்கு. தவழுற படம், பெருநாள் படம்... நீங்கள் கெட்டிக்காரன்தான்."

"இதை எழுதி சைன் வைச்சுத் தா. கடையில மாட்டுவம்."

"போங்கோ. நில்லுங்கோ, மகளைப் பாப்பம்."

அவன் பெருமூச்சு விட்டான். அது பாதியிலேயே நின்றது.

"ஏன் அவளை இருட்டில விட்டிருக்கிறீங்கள்?" என்றாள் சரீபா.

"எங்க?"

"முன் அறையிலதான். கதவடியில நிக்கிறாள். லைட்டைப் போடுங்கோ."

முன் அறையில்தான் அவன் இருந்தான். தலைக்கு மேல் லைட் எரிந்தது. சாக்குப் பை காலடியில். கமரா அதற்குள்.

"பழைய கதவையும் கழட்டிக்கொண்டு வந்தனீங்களோ?" அவள் சிரித்தாள். "அதே கதவு. நீங்கள் கட்டின நீலக் கயிறும் கிடக்கு."

வஸீர் திரையில் அந்தப் பச்சைப் புள்ளியை அழுத்தினான்.

இருட்டில் எடுக்கும் சாம்பல் நிறப் படம். முசலி வீட்டு முன் அறை. கறண்ட் வெட்டியாகிவிட்ட வீடு. அலுமாரி நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம். உள் தாழ்ப்பாள் உடைந்த கதவில் அவன் கட்டிய வலைக் கயிறு. கதவோடு ஒட்டி, இரண்டு உள்ளங்கையையும் பலகையில் வைத்தபடி, ஒரு பிள்ளை. பூப்போட்ட சட்டை. வீடு மாறும் அன்று அவன்தான் போட்டுவிட்டான். நாலு நாளாக எல்லாச் சாமான் பெட்டியிலும் தேடுகிறான், அது கிடைக்கவில்லை.

"மச்சான்? ஏன் கதைக்கிறீங்களில்ல? நீங்கள் பேர் கூப்பிட்டுத்தானே வீட்டைப் பூட்டினனீங்கள்?"

அது சரீபா வீட்டு வழக்கம். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களெல்லாம் துரத்தப்பட்டு ஊரைவிட்டு ஓடும்போது, இருட்டில் யாரும் விடுபடக்கூடாது என்று வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஓம்" என்ற பதில் கேட்டபிறகே வள்ளத்தில் ஏற்றினார்களாம். புத்தளத்து அகதி முகாமில் பிறந்த சரீபாவுக்கு அது தாயிடமிருந்து வந்தது. எந்த வீட்டை விட்டுப் போனாலும், வெறும் வீட்டுக்குள் பெயரைக் கூப்பிடு. வெளியிலிருந்து பதில் வருகிறதா என்று கேள். பிறகு பூட்டு. புறப்படும் முன் மூன்று தரம் ஃபோனில் சொன்னாள்.

வஸீர் கூப்பிடவில்லை. லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். லொறியில், மெத்தைக்குப் பின்னால், போர்வை சுற்றிய ஒரு சின்ன முதுகு தெரிந்தது. பிள்ளை ஏறிப் படுத்துவிட்டாள் என்று நினைத்தான். "அலுமாரி? ஓம். கதிரை? ஓம்," என்று தனக்குத்தானே பகிடி விட்டுக்கொண்டு பூட்டினான். போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை.

"ஓம்," என்றான் ஃபோனில். "கூப்பிட்டனான்."

திரையில் பிள்ளை ஒரு கையை எடுத்தாள். தன் மூக்கை இரண்டு விரலால் பிடித்தாள். இழுத்தாள். பெருவிரலை விரல்களுக்கிடையில் நீட்டி, பூட்டிய கதவுக்குக் காட்டினாள். சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிப்போனது.

எழும்பினான். முசலிக்குப் போக மோட்டார் சைக்கிள் திறப்பு, அந்த ஒற்றைச் சாவி. எங்கே? மேசையில்தான் வைத்தான். மேசையில் இல்லை.

கூப்பிட வேண்டும். பிந்தினாலும் பரவாயில்லை. இப்போதாவது கூப்பிட வேண்டும்.

திரையோடு முகத்தை வைத்தான்.

"நிஸ்லா!"

திரையில் பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினாள். நிமிர்ந்தாள். நேரே அவனைப் பார்த்தாள். வாய் திறந்தது.

"ஓம் வாப்பா."

குரல் திரையிலிருந்து வரவில்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மிகக் கிட்ட. ஈரச் சுண்ணாம்பு மணம். அவன் தோளுக்கு மேலால் ஒரு சின்னக் கை நீண்டது. அதன் விரலில் மோட்டார் சைக்கிள் திறப்பு தொங்கியது. அவசரமே இல்லாமல், அந்தக் கை பெட்டியின் வயரைப் பிடித்தது. இழுத்தது.

கறுப்பு.

கண்ணாடி உடைந்த ஃபோன் தரையில் விழுந்து, அங்கிருந்தே கதைத்தது. "மச்சான், படம் போயிட்டுது. கறண்டோ?"

அவன் திரும்பினான். திரும்பியிருக்கக் கூடாது.

அது அவன் விரலைப் பார்த்தது. அவன் முகத்தைப் பார்த்தது. விளங்கிவிட்டது போலத் தலையை ஆட்டியது. பிறகு சிரித்தது. நிஸ்லாவின் சிரிப்பு. அதே கலகலப்பு. மூச்சு எடுக்காமல். நிற்காமல்.

"அல்ஹம்துலில்லாஹ்!" தரையில் சரீபா அழுதுகொண்டு சிரித்தாள். "சிரிக்கிறாள்! என்ட புள்ளை சிரிக்கிறாள்! படம் போனாப் போகட்டும் மச்சான். எனக்கு இந்தச் சிரிப்பே காணும். இனி நான் வரேல்ல. நிம்மதியா இருப்பன்."

தரையில் கிடந்த ஃபோனுக்குக் குனிந்தான்.

இரண்டு குளிர்ந்த விரல்கள் அவன் மூக்கைப் பிடித்தன. மெதுவாக. இந்தப் பக்கம் ஒரு தரம் திருப்பின. அந்தப் பக்கம் ஒரு தரம். எங்கே பொருத்தியிருக்கிறது என்று தேடுவதுபோல.

"இந்தா," என்றது அது. "வாப்பாட மூக்கு."

இழுக்கத் தொடங்கியது.